பிலிமத்தலாவை மீன் அறையில் தென்துருவச் சேறு

சேறு எந்த நாட்டுக்கும் விசா இல்லாமல் போய்வரலாம். இந்த ஒரே காரணத்தால்தான், இலங்கையில் போர் நடந்துகொண்டிருந்த வருடங்களில் ஒன்றில், தென்துருவக் கடலடியிலிருந்து எடுத்த சேற்றைப் பெட்டியில் அடைத்துக்கொண்டு நான் கண்டிக்குப் போனேன்.

உண்மையில் சென்னைக்கு வந்திருக்க வேண்டியவர் ஞானச்சந்திரன். யாழ்ப்பாணத்துக்காரர். கண்டிக்கு அருகே பல்கலைக்கழகத்தில் வேதியியல் ஆசிரியர். ஜெர்மனியில் இருவரும் ஒரே ஆய்வுக்கூடத்தில், ஒரே நாற்றத்தில் முனைவர் பட்டம் வாங்கினோம். பிறகு நான் சென்னைக்கும் அவர் கண்டிக்கும் திரும்பினோம். நான் கப்பலில் போய்ச் சேறு எடுத்துவருவது, அவர் சென்னை வந்து தன் முறைப்படி அதை ஆராய்வது என்று ஏற்பாடு. சேறு வந்துவிட்டது. அவர் விண்ணப்பித்தபோதெல்லாம் பிறந்த ஊரின் பெயரைப் படித்துவிட்டு என் அரசாங்கம் விசாவை மறுத்தது. கொழும்பு விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். "விற்பதற்கா?" என்றார். இல்லை என்றேன். போகச் சொல்லிவிட்டார்.

கண்டி பஸ் நிலையத்தருகே காத்திருந்த ஞானம் என்னைப் பார்ப்பதற்கு முன் பெட்டியைப் பார்த்தார்.

"வாரும், வசந்தி. சேறு சுகமோ?"

"நானும் சுகம்தான்."

"அது தெரியுதே" என்றார். பெட்டியைத் தானே வாங்கிக்கொண்டார். என் சூட்கேஸை நான் தூக்கிக்கொண்டேன்.

பெட்டியை நாங்கள் தெர்மோகோல் என்போம். அங்கே ரெஜிபோம். எங்கள் வேதியியல் அங்கே இரசாயனவியல். நான் ஆக்சிஜன் என்றால் ஞானம் ஒட்சிசன் என்பார். கரிமக் கார்பன் என்றால் சேதனக் காபன் என்பார். ஜெர்மனியில் இந்தத் தொல்லையால் இரண்டு தமிழர்களும் சேற்றைப் பற்றி ஜெர்மன் மொழியில் பேசிக்கொண்டோம்.

அவர் வாடகைக்குப் பிடித்திருந்த வேனின் ஓட்டுநர் செபமாலை. மடுல்கெல்ல தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். வேனைச் சரிவான ஒரு சந்தில், மூக்கு பள்ளத்தைப் பார்த்தபடி நிறுத்தியிருந்தார். நாங்கள் ஏறியதும் பிரேக்கை விட்டார். வேன் சத்தமில்லாமல் உருண்டது. கீழே வந்ததும் ஒரு குலுங்கு குலுங்கி உயிர் பெற்றது.

"சாவி போட்டா ஸ்டார்ட் ஆவாதுங்க மேடம்" என்றார். "சரிவுல நிப்பாட்டினா தானா எடுத்துக்கும். கண்டியில சரிவுக்கா பஞ்சம்?"

சென்னையில் இந்த வேன் வாங்கிய இடத்திலேயே நின்றிருக்கும்.

மதியச் சாப்பாடு ஞானத்தின் வாடகை வீட்டில். அவருடைய மனைவியும் மகளும் யாழ்ப்பாணத்தில் இருந்தார்கள். பாதை மூடியிருந்ததால் அவர் போய்வர முடியாது. அவர்கள் வருவதற்குப் பயண அனுமதிப் பாஸ் கிடைக்கவில்லை. அதனால் சமையல் அவருடையது. இடியப்பம், சொதி, தேங்காய்ச் சம்பல். சம்பலை அவர் ஒருபோதும் அளந்து செய்ததில்லை என்பது முதல் வாயிலேயே தெரிந்தது. கண்ணில் நீர் வழிய நான் தண்ணீரைத் தேடியபோது, "ஒரு பரிசோதனைக்கூடத்திலை இப்பிடிச் செய்தால் என்னை வேலையாலை நிப்பாட்டுவினம்" என்று ஒப்புக்கொண்டார்.

எங்களுக்குள் ஒரு பழைய சண்டை இருந்தது. அதை இங்கே சொல்லிவிட வேண்டும்.

துருவக் கடலில் கோடை சில வாரங்கள்தான். அந்த வாரங்களில் நீரில் பாசி கண்மண் தெரியாமல் பெருகும். பிறகு செத்து, கரையைச் சுற்றியிருக்கும் கண்டத்திட்டின் மேல் பனிபோல் இறங்கும். அதிலுள்ள கரி சேற்றில் புதைந்து கிடக்குமா, அல்லது பாக்டீரியா தின்று கரியமில வாயுவாக்கித் திரும்ப நீருக்கே அனுப்பிவிடுமா? அந்தச் சேறு வருடம் முழுக்க உறைநிலையில்தான் இருக்கிறது. அது ஒரு குளிர்பெட்டி, உள்ளே போட்டது அவ்வளவு சீக்கிரம் கெடாது என்பது என் கட்சி. "குளிர் உமக்குத்தான் குளிர். அங்கை பிறந்த பற்றீரியாவுக்கு அது வீடு" என்பது அவர் கட்சி. நம் ஊர்ச் சேற்றில் நடக்கிற வேகத்துக்குக் குறையாமல் அங்கும் நடக்கும் என்றார்.

யார் சரி என்று பார்க்க, சேற்றைக் காற்றுப் புகாத கண்ணாடிக் குழாய்களில் அடைத்து, உறைநிலையிலேயே வைத்து, சில நாளுக்கொரு முறை ஒரு குழாயை எடுத்து அளக்க வேண்டும். காற்று புகக் கூடாது என்பதுதான் முக்கியம். கடலடியில் ஆக்சிஜன் சேற்றின் மேல்தோலோடு தீர்ந்துவிடும். அதற்குக் கீழே உள்ள பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை வைத்துச் சுவாசிக்கும். அது தீர்ந்தால் மாங்கனீசு, பிறகு இரும்பு, கடைசியில் சல்பேட். ஒவ்வொரு படியிலும் கிடைப்பது முந்தியதைவிட மோசமான சாப்பாடுதான், ஆனால் பட்டினி இல்லை. கடைசிப் படியில்தான் அழுகிய முட்டை நாற்றம் வரும். நாங்கள் பட்டம் வாங்கியது அந்த நாற்றத்துக்குத்தான்.

சாப்பிட்டுவிட்டு ஆய்வுக்கூடத்துக்குப் போனோம். குளிர் அறைக் கதவைத் திறந்ததும் வெதுவெதுப்பான காற்று முகத்தில் அடித்தது.

"கரண்ட் நினைச்ச நேரம் போகுது, நினைச்ச நேரம் வருகுது" என்றார் ஞானம். "மழை இல்லை. அதாலை மின்வெட்டு."

"இதை நீங்க கடிதத்துல எழுதலையே?"

"எழுதியிருந்தால் நீர் வந்திருக்க மாட்டீரே."

மறுநாள் காலை ஐஸ் தேடி அலைந்தோம். ஹோட்டல்கள் கையை விரித்தன. ஒரு மருத்துவமனையில் பெட்டிக்குள் என்ன என்று கேட்டார்கள். சொன்னோம். கதவைச் சாத்திக்கொண்டார்கள். செபமாலைதான் சொன்னார்: "பிலிமத்தலாவையில நிஸாம் நானான்னு ஒருத்தர் இருக்காருங்க. மீன் யாவாரம். பெரிய ரூமு, ஜெனரேட்டர் எல்லாம் வச்சிருக்காரு."

கொழும்பு போகும் வீதியில், கடைகளின் வரிசைக்குப் பின்னால், நிஸாம் நானாவின் மீன் அறை இருந்தது. அங்கே முஸ்லிம்கள் அண்ணனை நானா என்பார்கள். நீர்கொழும்பிலிருந்து வரும் மீனை உறைய விடாமல் ஐஸ் சூட்டில் வைக்கும் அறை. ஐஸுக்குச் சூடு உண்டா என்று கேட்காதீர்கள், அவர் அப்படித்தான் சொன்னார். ஞானம் உள்ளே போய் வெப்பமானியைப் பார்த்தார். தென்துருவக் கடலடியும் பிலிமத்தலாவை மீன் அறையும் ஏறக்குறைய ஒரே வெப்பநிலை.

"இரிங்க சேர், இரிங்க தங்கச்சி" என்று நிஸாம் நானா கதிரைகளை இழுத்துப் போட்டார். "என்ன மீன் கொண்டாந்தீங்க?"

"மீன் இல்ல. மண்."

"மண்ணா? மண்ணுக்கு என்னத்துக்கு ஐஸு?"

ஞானம் விளக்கினார். குளிரில் கரி கெடாமல் கிடக்கும் என்று நான் நினைப்பதையும், கெடும் என்று தான் நினைப்பதையும் நடுநிலையோடு எடுத்துச் சொன்னார். நானா தாடியைத் தடவியபடி கேட்டுவிட்டு என் பக்கம் சேர்ந்துகொண்டார்.

"சேர் செல்றது சரியா ஈந்தா, நான் என்னத்த நம்பி யாவாரம் செய்றேன்? தங்கச்சி செல்றதுதான் சரி. பெட்டிய உள்ளுக்கு வைங்க."

என் விஞ்ஞான வாழ்வில் ஒரு நிறுவனம் என் கருதுகோளை முழுமையாக ஆதரித்தது அதுதான் முதல் தடவை.

அடுத்த நாட்கள் ஒரு ஒழுங்குக்கு வந்தன. காலையில் பாண் என்கிற ரொட்டியும் பருப்பும். பிறகு வேன் சரிவில் உருளும். நடுவில் சோதனைச்சாவடி. எல்லோரும் இறங்கி, அடையாள அட்டையைக் காட்டி, வரிசையில் நடந்து, அந்தப் பக்கம் போய் ஏற வேண்டும். சாவடிக்காரர்கள் சரிவைப் பார்த்துச் சாவடி போட்டிருந்ததால் செபமாலை அவர்களைப் பற்றி நல்ல அபிப்பிராயம் வைத்திருந்தார். பிறகு மீன் அறை. வெள்ளிக்கிழமைகளில் சைவச் சாப்பாட்டோடு விரதம் இருக்கும் ஞானம், அன்றும் பாரை மீன்களுக்கும் சூரை மீன்களுக்கும் நடுவே மூச்சைப் பிடித்துக்கொண்டு போய்க் குழாயோடு வெளியே வருவார். பக்கத்து வீட்டிலிருந்து நானாவின் மனைவி வட்டிலப்பம் என்ற இனிப்பைக் கொடுத்தனுப்புவார். அதில் முட்டை இருக்கிறது என்பதை வெள்ளிக்கிழமைகளில் யாரும் ஞானத்திடம் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அளவு எதுவும் இல்லை. செபமாலை என்னைப் புசல்லாவைப் பக்கம் தேயிலை பார்க்க அழைத்துப்போனார். வழியில் ஒரு கடையில் பிளேன்டீ குடித்தோம். கடைக்காரப் பெண் நான் பேசியதைக் கேட்டுவிட்டு, இந்தியாவா என்றார். ஆமாம் என்றேன். துறையூர்ப் பக்கம் மாரிமுத்து வீடு தெரியுமா என்றார். தெரியாது என்றதும் அவருக்கு என்மேல் நம்பிக்கை போய்விட்டது.

திரும்பும்போது ஒரு சாவடியில் செபமாலை பாலிதீன் பையிலிருந்து அடையாள அட்டை, பிறப்புச் சான்று, குடியுரிமைத் தாள், தோட்டத்துச் சான்று என்று வரிசையாக எடுத்து நீட்டினார். என் பாஸ்போர்ட்டை அவர்கள் திறக்கக்கூட இல்லை.

"நான் இங்கினதான் பொறந்தேன்னு சொல்ல எனக்கு இம்புட்டு பேப்பரு வேணும்" என்றார் வேனில் ஏறியதும். கோபமில்லாமல்தான் சொன்னார். "நீங்க இங்க பொறக்கலைன்னு சொல்ல ஒங்களுக்கு ஒரு புஸ்தகம் போதும்."

இதற்கிடையில் ஞானத்தின் அளவுகள் வரத் தொடங்கியிருந்தன. முதல் குழாயில் சல்பேட் கொஞ்சம் குறைந்தது. தற்செயல் என்றேன். அடுத்ததில் இன்னும் குறைந்தது. அளவுக்குழாயைக் கழுவச் சொன்னேன். கழுவினார். அதற்கடுத்ததிலும் குறைந்திருந்தது, கரைந்த கரியமில வாயுவும் அதே கணக்கில் ஏறியிருந்தது. சென்னைத் துறைமுகச் சேற்றில் நான் அளந்த வேகத்துக்கு அருகில் வந்துவிட்டது. ஞானம் பேனாவை மூடினார். எழுந்துபோய்த் தேநீர் போட்டுக் கொண்டுவந்து எனக்கு முன்னால் வைத்தார். அவர் எதையாவது சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

விஷயத்தை நானாவிடம் நான்தான் சொன்னேன். அவர் தன் மீன்களைத் திரும்பிப் பார்த்தார். "மண்ணு கெட்டா கெடட்டும். இதுகளுக்குச் செல்லாதீங்க" என்றார்.

இன்னும் சில குழாய்களை அளந்துவிட்டால் போதும், கட்டுரை எழுதிவிடலாம். அப்போதுதான் ஒரு பெரிய கலியாண ஆர்டர் வந்து நானாவின் அறை முழுக்க மீனால் நிரம்பப் போகிறது என்று தெரிந்தது. ஒரு நாளைக்கு மட்டும் பெட்டியை எடுத்துக்கொள்ளச் சொன்னார். அன்று ஆய்வுக்கூடத்தில் மின்சாரம் இருக்கும் என்று சொல்லியிருந்தார்கள். எல்லாக் குழாய்களையும் எண்ணிக்கூடப் பார்க்காமல் அவசரமாகப் பெட்டியில் அடுக்கி, ஐஸைக் கொட்டி, வெப்பமானியின் வயரைச் செருகி, எண்கள் ஒளிரும் அதன் சிறிய முகத்தை மூடிக்கு வெளியே ஒட்டிக்கொண்டு கிளம்பினோம்.

அன்று காலை கொழும்பில் எங்கேயோ குண்டு வெடித்திருந்தது. எங்களுக்குத் தெரியாது. சாவடியில் வழக்கமான முகங்கள் இல்லை. புதியவர்கள் நின்றார்கள். ஒருவன் பெட்டியை எட்டிப் பார்த்தான். அடைத்த கண்ணாடிக் குழாய்கள். உள்ளே கறுப்புப் பசை. ஒரு வயர். மாறிக்கொண்டேயிருக்கும் எண்கள். பெட்டிக்குச் சொந்தக்காரர் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர்.

அவனுடைய இடத்தில் நான் இருந்திருந்தாலும் துப்பாக்கியைத் தூக்கியிருப்பேன்.

பொலிஸ் நிலையத்தில் எனக்கு ஒரு கதிரை கொடுத்தார்கள். ஞானத்தையும் செபமாலையையும் சுவரோரப் பெஞ்சில் உட்காரவைத்தார்கள். பெட்டியைத் தூரமாக முற்றத்தில், வெயிலில் வைத்தார்கள். இன்ஸ்பெக்டர் நிதானமான மனிதர். சிங்களத்தில் பேசினார். எனக்குச் சிங்களம் தெரியாது. அங்கே இரண்டு மொழியும் சரளமாகத் தெரிந்தவர் ஞானம் ஒருவர்தான். ஆகவே சந்தேக நபரே மொழிபெயர்ப்பாளரும் ஆனார்.

"இது என்ன எண்டு கேட்கிறார்" என்றார் ஞானம்.

"சேறுன்னு சொல்லுங்க."

"சொன்னனான். நான் பொய் சொல்லுறனாம்."

இன்ஸ்பெக்டர் நீளமாக ஏதோ கேட்டார். ஞானம் ஒரு சொல்லையும் விடாமல் எனக்குச் சொன்னார். இந்தியாவில் ஆய்வுக்கூடம் இல்லையா? குளிரில் வைக்க வேண்டிய சாமானை, மின்சாரம் இல்லாத ஊருக்கு ஏன் கொண்டுவர வேண்டும்?

நல்ல கேள்வி. என் ஆராய்ச்சிக்கு நிதி கொடுத்தவர்கள்கூட இதைக் கேட்கவில்லை.

"இவரால எங்க நாட்டுக்கு வர முடியல. அதனால நான் வந்தேன்."

"ஏன் வர முடியவில்லை?" என்றார் இன்ஸ்பெக்டர், ஞானத்தின் வாயால்.

"எங்க அரசாங்கம் விசா கொடுக்கல."

"ஏன் கொடுக்கவில்லை?"

பள்ளத்தை நான் பார்த்தபோது காலை வைத்துவிட்டிருந்தேன். இன்ஸ்பெக்டர் காத்திருந்தார். பிறகு மெதுவாகப் பேசினார். ஞானம் என்னைப் பார்த்து, வகுப்பில் பாடம் வாசிப்பதுபோல ஏற்ற இறக்கமில்லாமல் சொன்னார்: "உம்மடை அரசாங்கமே சந்தேகப்படுகிற ஆளை தான் ஏன் நம்ப வேணும் எண்டு கேட்கிறார்."

செபமாலை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு வழி சொன்னார் இன்ஸ்பெக்டர். கொழும்பிலிருந்து குண்டு நிபுணர்கள் வருவார்கள். அதுவரை பெட்டி வெயிலில் இருக்கும். பிறகு பெட்டியோடு இவரும் விசாரணைக்குக் கொழும்பு போவார். இல்லையென்றால் நானே குழாய்களைத் திறந்து காட்டலாம்.

விசாரணைக்கு என்று கொழும்பு போன தமிழர்கள் எப்போது திரும்பினார்கள், எப்படித் திரும்பினார்கள் என்பதை அந்த வருடங்களில் சென்னைப் பத்திரிகைகளில் படித்தே எனக்குத் தெரியும். ஞானத்துக்குப் பத்திரிகை தேவையில்லை.

"ஒண்ணு மட்டும் திறக்கறேன்னு சொல்லுங்க."

அவர் சொன்னார். இன்ஸ்பெக்டர் தலையசைத்து மறுத்தார். ஒன்றில் சேறு இருந்தால் மற்றவற்றிலும் சேறுதான் இருக்கும் என்பதற்கு என்ன ஆதாரம்?

"அதுவும் சரிதான்" என்றார் ஞானம். "ஒரு மாதிரியை வைச்சு முடிவுக்கு வரக்கூடாது எண்டு நாங்கள்தானே பிள்ளையளுக்குப் படிப்பிக்கிறம்."

அந்த இடத்திலும் அவரால் அப்படிப் பேச முடிந்தது. ஆனால் அவருடைய இரண்டு கைகளும் முழங்கால்களை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தன.

நான் முற்றத்துக்குப் போனேன். ஐஸ் பாதி உருகியிருந்தது. அந்தச் சேற்றை எடுக்கக் கப்பல் தளத்தில் கைவிரல் மரத்துப்போக நின்றது ஞாபகம் வந்தது. ஆயிரம் மீட்டருக்கு மேல் கயிறு விட்டு, காற்றுப் படாமல் எடுத்து, காற்றுப் படாமல் அடைத்து, இரண்டு கடல் தாண்டிக் காற்றுப் படாமல் கொண்டுவந்தது. திறந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும்.

"வசந்தி" என்றார் ஞானம் பின்னாலிருந்து. "திறவும்."

ஒவ்வொன்றாகத் திறந்தேன். முற்றத்து ஓரத்தில் நின்ற காவலர்கள் முதல் குழாய்க்கு மூக்கைப் பொத்தினார்கள். மூன்றாவதற்கு வாசலைத் தாண்டினார்கள். சில குழாய்களுக்குப் பிறகு முற்றத்தில் நானும் ஞானமும், கைக்குட்டையை முகத்தில் அழுத்திக்கொண்ட இன்ஸ்பெக்டரும் மட்டும்தான் மிஞ்சினோம். குனிந்து பார்த்துக்கொண்டிருந்தவர் கைக்குட்டைக்குள்ளிருந்து ஏதோ கேட்டார்.

கறுப்பாக இருந்த சேற்றின் மேற்பரப்பு எங்கள் கண்முன்னே பழுப்பாக மாறிக்கொண்டிருந்தது. அதைத்தான் ஏன் என்று கேட்டிருந்தார்.

ஞானம் என்னிடம் மொழிபெயர்க்க மறந்துவிட்டார். சிங்களத்தில் இரும்பு, கந்தகம், காற்று என்று விளக்க ஆரம்பித்தார். கை காற்றில் சமன்பாடு எழுதியது. சந்தேக நபர் வகுப்பெடுத்தார், இன்ஸ்பெக்டர் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் அவர் ஒரு கேள்வி கேட்டார். ஞானம் சட்டென்று நின்றுவிட்டார். பிறகு எனக்குச் சொன்னார்.

"இனி இது பிரயோசனம் இல்லையோ எண்டு கேட்கிறார்."

"இல்லைன்னு சொல்லுங்க."

"அதை முதலே சொல்லியிருக்கலாமே எண்டுறார்."

எல்லோருக்கும் பிளேன்டீ வந்தது. ஞானத்துக்கும் ஒரு கதிரை போட்டார்கள். இன்ஸ்பெக்டர் தன் மகளுக்குப் பரீட்சையில் இரசாயனம் வரவில்லை என்றும், சேர் எப்போதாவது பார்த்துச் சொல்லித்தர முடியுமா என்றும் கேட்டார். பார்க்கலாம் என்றார் ஞானம்.

பொலிஸ் நிலையம் சமதரையில் இருந்தது. செபமாலை இதைத் தயங்கித் தயங்கிச் சொன்னார். பெரிய குண்டுக்காரர்கள் என்று எங்களைப் பிடித்துக்கொண்டு வந்த காவலர்கள் அனைவரும் சேர்ந்து வேனைத் தள்ளினார்கள். வேன் உறுமி ஓடியபோது பின்னால் கைதட்டினார்கள்.

கொஞ்ச தூரம் போனதும் ஞானம் நிறுத்தச் சொன்னார். செபமாலை ஒரு சரிவு பார்த்து நிறுத்தினார். ஞானம் இறங்கி, வேலியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். நான் தண்ணீர்ப் போத்தலோடு போனேன். அவர் வாயைக் கொப்பளித்துத் துப்பினார்.

"அந்த மணம்" என்றார். "ஒத்துக்கொள்ளேல்லை."

அந்த மணத்தோடு எத்தனையோ வருடம் வாழ்ந்தவர் அவர். ஆமாம், மோசமான நாற்றம்தான் என்றேன். செபமாலை வேனைச் சுற்றிவந்து டயரைப் பார்ப்பதுபோல் நின்றார்.

கலியாணம் முடிந்து மீன் அறை காலியானதும், திறந்த குழாய்களைக் கொட்டிவிட்டுப் பெட்டியை நானாவுக்கே கொடுத்துவிடலாம் என்று நான் நினைத்தேன். ஞானம் அவற்றை அப்படியே உள்ளே வரிசையாக வைத்தார்.

"இனி என்ன இருக்கு?" என்றேன்.

"காத்துப் படாத சேறு என்ன செய்யும் எண்டு பாத்தம். இப்ப காத்துப் பட்டிட்டுது. இது என்ன செய்யுது எண்டு பாப்பம்."

"ஒப்பிட்டுப் பார்க்க மூடிய குழாய் ஒண்ணுகூட இல்லையே."

அறைக் கதவருகே நின்ற நிஸாம் நானா தொண்டையைச் செருமினார். பாரை மீன் பெட்டிக்குப் பின்னால் கையை விட்டுச் சில குழாய்களை எடுத்தார். அடைப்பு அப்படியே இருந்தது.

"களவெடுக்கல்ல தங்கச்சி" என்றார். "தென்துருவத்து மண்ணு நம்மட ரூமுல ஈக்கிதுன்டு செல்லி மச்சான்மாருக்குக் காட்ட எடுத்து வெச்சீந்தேன். ஐஸ விட்டு வெளிய எடுக்கல்ல."

ஞானம் அவரைக் கட்டிப்பிடித்தார். அன்று வெள்ளிக்கிழமை. நானாவின் சட்டை முழுக்க மீன்.

நான் சென்னை திரும்பிய பிறகும் ஞானம் தனியாக அளந்துகொண்டிருந்தார். மூடிய குழாய்களில் வேலை ஒரே சீராக, குளிரைச் சட்டைசெய்யாமல் நடந்தது. அவர் சொன்னதுதான் சரி. திறந்த குழாய்களில் வேறொன்று நடந்தது. அதுவரை எந்த பாக்டீரியாவும் சீண்டாமல் கிடந்த பழைய, கடினமான கரியும் ஆக்சிஜன் பட்டதும் கரையத் தொடங்கியது. நாங்கள் தேடிப்போகாத அந்த விஷயம்தான் கட்டுரையின் முக்கியப் பகுதி ஆனது.

ஆய்வுப் பத்திரிகையிலிருந்து ஒரு கேள்வி வந்தது. எல்லாக் குழாய்களையும் ஒரே நாளில், திட்டத்தின் நடுவே திறந்ததற்குக் காரணம் என்ன? எங்கே, எந்த நிலையில் திறக்கப்பட்டன?

தொலைபேசியில் ஞானத்திடம் படித்துக் காட்டினேன். நடந்ததை நடந்தபடி எழுதிவிடலாம், படிப்பவர்களுக்குச் சிரிப்பாவது வரும் என்றேன்.

"நீர் அங்கை இருக்கிறீர், வசந்தி" என்றார் ஞானம். "நான் இங்கை இருக்கிறன். நாளைக்கும் அந்த ரோட்டாலைதான் போறன்."

விஞ்ஞானக் கட்டுரைகளில் ஏன் எல்லாமே செயப்பாட்டு வினையில் இருக்கிறது என்று மாணவர்கள் என்னிடம் கேட்பதுண்டு. நடுநிலைக்காக என்று அதுவரை பதில் சொல்லி வந்தேன். எங்கள் கட்டுரையில், 'குழாய்கள் காற்றுக்குத் திறக்கப்பட்டன' என்று அச்சாகியிருக்கிறது. திறந்தவர் யார் என்று இல்லை. திறக்கச் சொன்னவர் யார் என்று இல்லை. முழங்கால்களை இறுகப் பிடித்துக்கொண்டு சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவரைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.